ஆயிரம் பக்கத்தில் ஆரம்பித்தது என் தப்பு

2020 ஜனவரியில் பி.எஸ்.என்.எல்.லில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மார்ச்சில் ஊரடங்கு. முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊரார் பேசுவதற்கு வழி செய்துகொண்டிருந்தவளுக்குத் திடீரென்று பேச ஆளில்லாமல் போயிற்று. அந்த இரண்டு வருஷம் படித்ததுபோல் நான் என்றும் படித்ததில்லை. படித்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்ற அரிப்புதான் பிறகு ஊர் நூலகத்தில் வாசகர் வட்டம் நடத்தப் போனதற்கும், அதில் நடந்த எல்லாவற்றுக்கும் காரணம். இலக்கிய சேவை, சமூக சேவை என்றெல்லாம் யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

எங்கள் ஊர் கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். கரிசல் காடு, மானாவாரி வெள்ளாமை, தீப்பெட்டி ஆபீஸ். இங்கே தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். ஒரு கிளை நூலகம் உண்டு. நாளிதழ் மேசையில் எப்போதும் கூட்டம் இருக்கும், இரவல் பிரிவில் இருக்காது. வாசகர் வட்டம் என்று ஒன்று பெயருக்கு இருந்தது. 2022 ஆகஸ்டில் நூலகர் என்னைக் கூப்பிட்டு, "12-ஆம் தேதி நூலகர் தினம் வருது மேடம், ஏதாவது செய்யலாமா?" என்று கேட்டார். இந்திய நூலகத் துறையின் தந்தை என்று சொல்லப்படும், சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதனின் பிறந்தநாள் அது. வழக்கமாக ஒரு படம், ஒரு மாலை, ஒரு பேச்சாளர், டீ, வடை. இந்த முறை வாசிப்போமே என்றேன். எதை வாசிப்பது? அதற்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. சாகித்ய அகாதெமி விருதுப் பட்டியல்.

பட்டியலை எடுத்ததற்கு இலக்கியக் காரணம் ஒன்றும் இல்லை. சிறிய ஊரில் நாலு பேர் சேர்ந்து ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது லேசான காரியமில்லை. ஒருவர் ஆன்மிகம் என்பார், ஒருவர் பொன்னியின் செல்வன் என்பார், இன்னொருவர் தன் மைத்துனர் எழுதிய கவிதைத் தொகுப்பை நீட்டுவார். டெல்லியில் யாரோ தேர்ந்தெடுத்தது என்றால் யாருக்கும் மனத்தாங்கல் வராது. இரண்டாவது, அந்தப் பட்டியலில் எங்கள் கரிசல் காட்டுக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். 1970-இல் கு. அழகிரிசாமி, 1991-இல் கி. ராஜநாராயணன், 2008-இல் மேலாண்மை பொன்னுச்சாமி, 2014-இல் பூமணி, 2019-இல் சோ. தர்மன். இதில் அழகிரிசாமியும் கி.ரா.வும் இடைசெவல் என்ற ஒரே ஊர். ஒரு தெருவில் விளையாடிய இரண்டு பேருக்கு நாட்டின் பெரிய இலக்கிய விருது கிடைத்திருக்கிறது என்றால் அந்த ஊர் வழியாகப் போகும் பஸ்ஸையாவது நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டாமா?

சரி, தப்புக்கு வருகிறேன். முதல் புத்தகமாக நான் எடுத்தது பூமணியின் அஞ்ஞாடி. நம் மண், நம் பேச்சு, கழுகுமலையும் சிவகாசியும் வருகிற வரலாறு. ஆனால் ஆயிரம் பக்கத்துக்கு மேல். 'வாரம் ஐம்பது பக்கம் வீட்டில் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வந்து பேசுங்கள்' என்று அறிவித்தேன். முதல் ஞாயிறு இருபத்தாறு பேர். நூலகர் வெளியிலிருந்து நாற்காலி வாங்கிப் போட்டார். இரண்டாவது ஞாயிறு பதினொரு பேர். மூன்றாவது ஞாயிறு நான், நூலகர், ஓய்வுபெற்ற ஒரு தபால்காரர், மழைக்கு ஒதுங்கிய ஒருவர்.

நூலகத்தில் இருந்ததே ஒரு பிரதி. இருபத்தாறு பேர் எப்படிப் படிப்பார்கள் என்று நான் யோசித்திருக்கவே இல்லை. தனியாகப் படித்துப் பழகியவளுக்கு அந்தக் கணக்கு மண்டையில் ஏறவில்லை. பிடிஎஃப் கிடைக்கிறது, வாட்ஸ்அப்பில் போடட்டுமா என்று ஒரு பையன் கேட்டான். வேண்டாம் என்றேன். எழுதியவருக்கு வர வேண்டிய நாலு காசையும் பிடுங்கிக்கொண்டு அவருக்கு விழா எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இன்னொன்றும் நடந்தது. அந்த நாவலில் வரும் சாதிக் கலவரங்கள் நூறு வருஷத்துக்கு முந்தையவை. ஆனால் கேட்க வந்தவர்கள் எல்லாரும் இன்றைக்கு அந்தந்தத் தெருவில் இருப்பவர்கள். ஒரு பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒருத்தருக்கொருத்தர் மூஞ்சி பார்த்துப் பழகுறதுக்கு முன்னாடியே இதை எடுக்கணுமாம்மா?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த நாவலை எங்கள் வட்டம் பிறகு வாசித்தது, இரண்டு வருஷம் கழித்து, சில அத்தியாயங்களை மட்டும். முதல் மாதம் எடுக்க வேண்டிய புத்தகம் அது இல்லை.

நாலு பேர் மிஞ்சியபோது நூலகர்தான் வழி சொன்னார். "மேடம், நீங்க டெலிபோன்ல இருந்தவங்க. குரல் நல்லா இருக்கு. நீங்களே வாசிச்சிருங்களேன், நாங்க கேட்கோம்." அன்றிலிருந்து எங்கள் வட்டத்தில் யாரும் வீட்டில் படித்துவிட்டு வர வேண்டியதில்லை. ஞாயிறு காலை பத்து மணிக்கு வந்து உட்கார்ந்தால் போதும். நாற்பது நிமிஷம் ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். பிறகு பேச்சு. ஒரு பிரதி போதும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் வரலாம், மூக்குக்கண்ணாடி உடைந்துபோனவரும் வரலாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளையும் வரலாம். எல்லா வயதினருக்குமான வாசிப்பு என்று மேடையில் பேசுகிறார்கள். ஒரே அறையில் எட்டு வயதையும் எண்பது வயதையும் உட்கார வைக்க எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான்.

அடுத்து எடுத்தது சூல். சோ. தர்மன் தம் ஊரான உருளைக்குடியின் கண்மாயை வைத்து எழுதிய நாவல். ஒரு ஊரே சேர்ந்து கண்மாயைக் காத்துவந்த காலமும், அது கைவிட்டுப் போன விதமும்தான் கதை. அதுவும் தடிமன்தான். ஆனால் முழுதாக வாசிப்பது என்ற பிடிவாதத்தை நான் விட்டிருந்தேன். எந்தெந்தப் பகுதியைத் தனியாக வாசித்தாலும் கதையாக நிற்கும் என்று வீட்டில் குறித்து வைத்துக்கொண்டேன். இரண்டாம் வாரம் ஒரு தாத்தா வந்தார். காட்டுவேலை பார்த்தவர், எண்பதைத் தாண்டியவர், கையெழுத்து மட்டும் போடுவார். எல்லோருக்கும் அவர் பாட்டையா. பேப்பர் படங்களைப் பார்க்க வந்தவர், நான் மடை, கலிங்கு என்று வாசித்தது காதில் விழவும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் கையைத் தூக்கினார்.

"தாயி, கொஞ்சம் நிறுத்து. இந்தப் பிள்ளைகளுக்கு மடைன்னா என்னன்னு தெரியுமா?"

தெரியாது. எனக்கே அரைகுறைதான். அவர் தரையில் சாக்பீஸால் கண்மாய் வரைந்தார். கரை எங்கே, வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் உள்மடை எங்கே, மிச்சத் தண்ணீர் வழியும் கலிங்கு எங்கே, கண்மாய் பெருகினால் தண்ணீர் எந்தப் பக்கம் மறுகால் பாயும், கோடையில் கரம்பை மண் அள்ளி எந்தக் காட்டுக்குப் போடுவார்கள். முக்கால் மணி நேரம் பேசினார். நான் வாசித்தது பத்துப் பக்கம்கூட இருக்காது. பிள்ளைகள் அசையவில்லை. நீர்ப்பாய்ச்சி யார், அவருக்கு ஊர் கொடுக்கும் சுதந்திரம், அதாவது அவருக்குரிய பங்கு, என்ன என்று அவர் சொன்னபோது, சுதந்திரம் என்ற சொல்லுக்கு இப்படி ஒரு பொருள் உண்டா என்று பன்னிரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வாய் பிளந்தாள். அடுத்த ஞாயிறு அவர் தம் வயதுக்காரர் இருவரைக் கூட்டிவந்தார். மூன்று பேரும் கலிங்கைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டார்கள். வட்டம் அன்றைக்குத்தான் உண்மையில் தொடங்கியது என்பேன்.

இதில் நான் எடுத்துக்கொண்டது: பெரியவர்களைக் கேட்பவர்களாக மட்டும் உட்கார வைக்கக் கூடாது. எழுத்துத் தெரியாத ஒருவருக்குத்தான் அந்தப் பக்கத்தின் பாதிச் சொற்கள் தெரியும் என்கிற மாதிரி ஒரு புத்தகத்தைத் தேட வேண்டும். நெய்தல் நிலத்து ஊர் என்றால் கடல் வருகிற புத்தகம், கொங்குப் பக்கம் என்றால் அந்தப் பக்கத்துப் புத்தகம். விருதுப் பட்டியலில் ஏறத்தாழ எல்லா வட்டாரமும் இருக்கிறது. ஜோ டி குருஸின் கொற்கை 2013, தேவிபாரதியின் நீர்வழிப் படூஉம் 2023. அவரவர் ஊருக்கு அருகில் எது என்று பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.

பட்டியலை எப்படிப் பயன்படுத்துவது என்பதில் எனக்கு இன்னும் சில கருத்துகள் உண்டு. தமிழில் இந்த விருது 1955-இல் ரா.பி. சேதுப்பிள்ளையின் தமிழ் இன்பத்தில் தொடங்குகிறது. இப்போது இருபத்து நாலு மொழிகளுக்குத் தருகிறார்கள். ஒரு லட்ச ரூபாயும் பட்டயமும். பெரும்பாலும் டிசம்பரில் அறிவிப்பு வரும். அந்த ஆண்டு வெளியான புத்தகத்துக்குத் தருகிறார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2024 விருதுக்கு எடுத்துக்கொண்டது 2018 முதல் 2022 வரை முதல் பதிப்பு வந்த நூல்களை. அதனால் அறிவிப்பு வந்த அன்றைக்கே கடைக்கு ஓடி, பிரதி தீர்ந்துவிட்டது என்று கேட்டுத் திரும்ப வேண்டாம். புத்தகம் ஏற்கெனவே வெளிவந்து இரண்டு வருஷமாவது ஆகியிருக்கும். முதலில் உங்கள் நூலக அலமாரியில் தேடுங்கள். எங்கள் நூலகத்தில் சூல் விருதுக்கு முன்பே வந்து கிடந்தது. பின்னட்டை உள்பக்கத்தில் ஒட்டியிருந்த தாளில் இரண்டே இரண்டு இரவல் முத்திரை.

இன்னொன்று, விருது வாங்கிய நூல்தான் அந்த எழுத்தாளரின் சிறந்த நூல் என்று நம்பி இறங்கினால் ஏமாற்றம்தான். பாரதிதாசனுக்கு 1969-இல், அவர் மறைந்து ஐந்து வருஷம் கழித்து, பிசிராந்தையார் என்ற நாடகத்துக்குக் கொடுத்தார்கள். கண்ணதாசனுக்கு 1980-இல் சேரமான் காதலி என்ற நாவலுக்கு. இரண்டு பேருமே பாட்டுக்காரர்கள்! தி. ஜானகிராமனுக்கு 1979-இல் ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு, ஊர் கொண்டாடும் நாவல்கள் எதற்கும் இல்லை. சுந்தர ராமசாமிக்குக் கொடுக்கவே இல்லை. ஆக, பட்டியலை ஊருக்குள் நுழைகிற பஸ் ஸ்டாப்பாக வைத்துக்கொள்ளலாம். இறங்கின பிறகு தெருவில் நடந்துதான் வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் வட்டத்தில் இப்போதெல்லாம் ஒரு விருதாளரை எடுத்தால் அவருடைய விருது நூலிலிருந்து ஒரு வாரம், வேறு எங்கிருந்தாவது இரண்டு வாரம். அநேகமாகச் சிறுகதை. ஒரே உட்காரலில் தொடங்கி முடிகிற பண்டம் அதுதான். போன வாரம் வராதவர் இந்த வாரம் தலையும் வாலும் புரியாமல் முழிக்க வேண்டியதில்லை.

'செல்லாத பணம்' நாவலை வாசித்ததைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன். இமையத்தின் அந்த நாவல் 2020-இல் விருது பெற்றது. தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஒரு பெண்ணைச் சுற்றி நடக்கும் கதை. நான் பாதி படித்திருந்தேன், அதன் வேகம் பிடித்திருந்தது, அப்படியே எடுத்துக்கொண்டு போய் வாசித்துவிட்டேன். பத்து நிமிஷம் ஆகியிருக்கும், பின்வரிசையில் ஒரு அம்மா எழுந்து வெளியே போனார். திரும்பி வரவில்லை. தீப்பெட்டியும் பட்டாசும் சூழ்ந்த ஊர்ப்பக்கம் இது. இங்கே எந்த வீட்டிலும் தீ என்பது கதை இல்லை. அவருடைய தங்கை மகள் எப்படிப் போனாள் என்பது அறையில் இருந்த பாதிப் பேருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். வாசிக்கும்போது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' இன்னும் உறுத்துகிறது.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். காப்பி கொடுத்தார். நான் மன்னிப்பு மாதிரி ஏதோ உளறினேன். "புத்தகத்துல தப்பில்ல மதினி. முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிட்டு வாசிச்சிருக்கலாம். நான் வராம இருந்திருப்பேன்" என்றார். அதற்குப் பிறகு முழுதாகப் படிக்காத எதையும் நான் வட்டத்துக்கு எடுத்துப் போவதில்லை. முந்தின வாரமே சொல்லிவிடுவோம்: அடுத்த ஞாயிறு எடுக்கும் கதையில் ஒரு சாவு வருகிறது, ஒரு குடிகாரக் கணவன் வருகிறான், இப்படி. இதைச் சொன்னால் கதையின் சுவை போய்விடும் என்று தபால்காரர் முதலில் முனகினார். போனால் போகட்டும்.

அந்தப் பாடம் சிறுவர் நூல்களுக்குத்தான் அதிகம் உதவியது. சாகித்ய அகாதெமி 2010 முதல் பால சாகித்ய புரஸ்கார் என்று சிறார் இலக்கியத்துக்குத் தனி விருது தருகிறது. 2011 முதல் முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு யுவ புரஸ்கார். இரண்டும் ஐம்பதாயிரம் ரூபாய். பெரிய விருதைப் பற்றிப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதும்போது இவை இரண்டும் ஒரு பத்தியில் போய்விடும். ஆனால் வாசிப்பு வட்டம் நடத்துகிறவர்களுக்கு இவைதான் தங்கச் சுரங்கம். மெல்லிய புத்தகங்கள், விலையும் குறைவு. 2020-இல் யெஸ். பாலபாரதியின் மரப்பாச்சி சொன்ன ரகசியத்துக்குக் கிடைத்தது. பிள்ளைகளிடம் தப்பாக நடந்துகொள்ளும் பெரியவர்களைப் பற்றி, ஒரு மரப்பாச்சிப் பொம்மையை வைத்து, பிள்ளைகளுக்கே புரியும்படி எழுதிய நாவல். இந்த முறை முன்கூட்டியே அம்மாக்களிடம் சொன்னேன். ஒரு அப்பா மட்டும், சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்று சத்தம் போட்டுவிட்டு மகளை அனுப்பவில்லை. மற்றவர்கள் வந்தார்கள். வாசித்து முடித்ததும் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பாட்டி, எண்பது வயது இருக்கும், பேத்தியின் தலையைத் தடவிக்கொண்டே, "எங்க காலத்துல இப்பிடி ஒரு பொம்மை இல்லாமப் போச்சு" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பேத்திகள் இல்லாத கூட்டத்தில் அவர் அதைச் சொல்லியிருப்பாரா என்று தெரியவில்லை.

2023-இல் அதே விருதைப் பெற்ற உதயசங்கர் கோவில்பட்டிக்காரர், ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். ஆதனின் பொம்மை கீழடியை வைத்து எழுதிய சிறார் நாவல். அதைக் கேட்ட வாரம் பையன்கள் காட்டில் ஓடு பொறுக்கிக்கொண்டு வந்து மேசையில் கொட்டினார்கள். எல்லாம் போன வருஷத்துப் பானை ஓடுகள். நூலகர்தான் பெருக்கினார்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னொரு கோணல் வேலையும் செய்தேன். 2023 கோடை விடுமுறையில் 'யார் அதிகப் புத்தகம் படிக்கிறார்கள்' என்று போட்டி வைத்தேன். கோப்பை, சான்றிதழ் எல்லாம் உண்டு. ஒரு மாதத்தில் அறுபத்தொரு புத்தகம் எடுத்த சிறுமி முதல் பரிசு. அவளைக் கூப்பிட்டு எது பிடித்தது என்று கேட்டபோது, பெயர்களைச் சரியாக ஒப்பித்தாள். உள்ளே இருந்தது ஒன்றும் தெரியவில்லை. எடுப்பதும் திருப்புவதுமாகவே மாதம் போயிருக்கிறது. பிள்ளை மீது குறை இல்லை, நான் எண்ணச் சொன்னேன், அவள் எண்ணினாள். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் மாதம் முழுக்க ஒரே புத்தகத்தை வைத்திருந்தான். படம் போட்ட மெல்லிய புத்தகம். புதுப்பித்துப் புதுப்பித்து எடுத்துப்போனான். அவனுக்குச் சான்றிதழ் இல்லை. கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனான்.

அதே வருஷம் ஜூனில் வட்டத்துக்காக நான் எடுத்துவைத்திருந்த கதை அழகிரிசாமியின் அன்பளிப்பு. 1970-இல் விருது பெற்ற தொகுப்பின் தலைப்புக் கதை. விருது வந்தபோது அவர் உயிரோடு இல்லை, அந்த வருஷம் ஜூலையிலேயே போய்விட்டார். கதை தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்கு: அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொண்டுவந்து கொடுக்கும் ஒருவர், இரண்டு பிள்ளைகளுக்கு டைரி பரிசளிக்கிறார். சாரங்கன் என்ற பையனுக்குக் கொடுக்கவில்லை. அவன் என்ன செய்கிறான் என்பதுதான் கதை, அதை நான் சொல்லிக் கெடுக்க மாட்டேன். பல தடவை படித்த கதைதான். சனிக்கிழமை ராத்திரி வாசித்துப் பழகுவதற்காக எடுத்து உட்கார்ந்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன். கைதட்டிவிட்டுப் போன பையன் கண்ணுக்குள் வந்து நின்றான்.

தாமதமாக ஒரு சான்றிதழ் அச்சடித்துக் கொடுக்கலாம் என்று முதலில் தோன்றியது. அது இன்னும் மோசம். மறுநாள் அவனிடம், அந்த ஒரு புத்தகத்தை அடுத்த வாரம் எங்களுக்கு வாசிக்கிறாயா என்று மட்டும் கேட்டேன். வாசித்தான். திக்கித் திக்கி, ஒவ்வொரு படத்தையும் எல்லோருக்கும் திருப்பிக் காட்டி. பதினாறு பக்கத்துக்கு இருபத்தைந்து நிமிஷம். அதன் பிறகு எங்கள் நூலகத்தில் எண்ணிக்கைப் போட்டி கிடையாது. கோப்பைகள் மிச்சம் இரண்டு இருந்தன, ஒன்றில் நூலகர் பேனா போட்டு வைத்திருக்கிறார்.

பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாகப் பிரித்த சின்னச் சின்னப் புத்தகங்கள். ஒரு டீச்சர் கொண்டுவந்து காட்டினார். பிள்ளைகளுக்கென்று போட்டவைதான், ஆனால் எங்களிடம் அதை அதிகம் புரட்டியது தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் இரண்டு அக்காக்கள். அறிவொளி இயக்கம் வந்த காலத்தில் எழுத்துக் கற்றவர்கள், பிறகு தொடர்பு விட்டுப்போனவர்கள். ஒரு பக்கத்தில் இரண்டு வரி, பெரிய எழுத்து. பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற சாக்கில் அவர்களே எழுத்துக்கூட்டினார்கள். "நட முடிஞ்சது மதினி, ஓடு இருக்கா?" என்று ஒருவர் கேட்டபோது எல்லோரும் சிரித்தோம், கேட்டவரும் சேர்ந்துதான். பெரியவர்களுக்கு முதியோர் கல்வி என்று தனியாகப் பெயர் போட்டு ஒரு வகுப்பு வைத்திருந்தால் இவர்கள் வாசல் மிதித்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

எல்லோருக்கும் இந்த முறை ஒத்துவராது. கல்லூரிப் பிள்ளைகள் எங்களிடம் தங்குவதில்லை. வருவார்கள், இரண்டு வாரம் இருப்பார்கள், போட்டித் தேர்வுப் புத்தகத்தோடு பக்கத்து அறைக்குப் போய்விடுவார்கள். யுவ புரஸ்கார் நூல்களைக் காட்டிப் பார்த்தேன், பெரிய பலன் இல்லை. அவர்களுக்கு என் குரலில் கதை கேட்க என்ன அவசியம்? அவர்கள் வயதில் ஒருவர் தனியாக ஒரு வட்டம் ஆரம்பித்தால்தான் உண்டு. அதேபோல ஒரு பள்ளியில் போய் மாதம் ஒரு மணி நேரம் வாசிக்கக் கேட்டேன். தேர்வு முடியட்டும் என்றார்கள். அங்கே எப்போதும் ஒரு தேர்வு இருக்கிறது.

பணத்துக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. பெரிதாக ஒன்றும் தேவைப்படவில்லை. ஆயிரம் ரூபாய் கட்டினால் நூலகப் புரவலர் ஆகலாம், ஊரில் சிலரை அப்படிச் சேர்த்தோம். புத்தகம் வாங்குவதற்கு மாதம் ஆளுக்கு இருபது ரூபாய், கொடுக்க முடிந்தவர்கள் மட்டும். வாங்கிய புத்தகம் நூலகத்துக்கே போய்விடும். எந்தப் புத்தகம் வேண்டும் என்று நூலகரிடம் எழுதிக் கொடுத்துவிடுவோம், வரும்போது வரும். டீ பாட்டையாவின் செலவு. அதை அவர் விட்டுத்தர மாட்டார். ஒரே ஒரு முறை வேன் பிடித்து இடைசெவலுக்கும், கோவில்பட்டியில் கி.ரா.வுக்கு அரசு கட்டியிருக்கும் நினைவரங்கத்துக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போனோம். பிள்ளைகளுக்கு அரங்கத்தைவிட வழியில் வாங்கிய கடலைமிட்டாய்தான் ஞாபகம் இருக்கிறது.

2024 டிசம்பரில் விருது அறிவிப்பு வந்த அன்று சாயங்காலம் போன் அடித்தது. பாட்டையா. பேரன் போனிலிருந்து.

"தாயி, இந்த வருசம் யாருக்குக் குடுத்திருக்கான்?"

ஆ.இரா. வேங்கடாசலபதி என்றேன். திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908. இது கதை இல்லை பாட்டையா, ஆராய்ச்சிப் புத்தகம். வ.உ.சி.யைப் பிடித்துப்போட்டதும் ஜனங்கள் கொதித்து எழுந்தார்களே, துப்பாக்கிச் சூட்டில் நாலு பேர் செத்தார்களே, அது.

"ஒட்டப்பிடாரத்தாரைப் பத்தியா! நம்ம பக்கத்து ஊர்க்காரர்லா." கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, எப்போதும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"எத்தனை பக்கம்?"

தெரியலை, புத்தகம் கைக்கு வரட்டும், 1908 மார்ச் 13-ஆம் தேதி நடந்ததை மட்டும் எடுத்துக்குவோம் என்றேன்.

"அப்போ சரி" என்று வைத்துவிட்டார்.